நடுத்தர வயதில் தோல் புற்றுநோய்: பாதிப்பும் கூடுகிறது, பிழைப்பவர்களும் கூடுகிறார்கள். எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலனோமா எனும் தோல் புற்றுநோய், நாற்பதைத் தாண்டியவர்களிடம் பல பத்தாண்டுகளாகக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அதே காலத்தில், அந்த நோய் வந்தும் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. நோய் பெருகுகிறதா, மருத்துவம் ஜெயிக்கிறதா, அல்லது கணக்கெடுக்கும் விதம்தான் மாறிவிட்டதா? மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு என்று பார்க்க, பாதிப்பு, பிழைப்பு என்ற இரண்டு எண்களோடு இறப்பு விகிதத்தையும் பக்கத்தில் வைத்தாக வேண்டும்.

தோல் புற்றுநோய் என்றால் ஒரே நோய்தானா?

இல்லை. முக்கியமாக மூன்று வகை. பேசல் செல் புற்றுநோய்தான் அதிகம் பேருக்கு வருவது. மூக்கு, கன்னம், நெற்றி போன்ற இடங்களில் முத்துப்போல் மினுங்கும் சிறு புடைப்பாகவோ ஆறாத புண்ணாகவோ தொடங்கும். இருக்கும் இடத்தை அரிக்குமே தவிர, உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது. அடுத்தது ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். செதில் செதிலாக, சொரசொரப்பாக வளரும். பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும் என்றாலும், உதடு, காது போன்ற இடங்களில் வந்தால் பரவும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் தொடங்குவது. எண்ணிக்கையில் மற்ற இரண்டையும் விட மிகக் குறைவு. ஆனால் தோல் புற்றுநோய் இறப்புகளில் பெரும்பங்கு இதனால்தான். 2022இல் உலகம் முழுக்கச் சுமார் 3.3 லட்சம் பேருக்குப் புதிதாக மெலனோமா வந்ததாகவும், சுமார் 59,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது.

முதல் இரண்டு வகைகளையும் பெரும்பாலான நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகள் முழுமையாகக் கணக்கெடுப்பதே இல்லை. அத்தனை அதிகம், பல சமயம் வெளிநோயாளிப் பிரிவிலேயே வெட்டி எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் 2012இல் 33 லட்சம் பேருக்கு 54 லட்சம் கட்டிகளுக்குச் சிகிச்சை நடந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. அதனால் 'தோல் புற்றுநோய் விகிதம்' என்று செய்தியில் வரும் எண் அநேகமாக மெலனோமாவைத்தான் குறிக்கும். இங்கேயும் அப்படித்தான்.

நடுத்தர வயதினரிடம் எவ்வளவு கூடியிருக்கிறது?

இந்த வயதுக்காரர்களைத் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, மேயோ கிளினிக் என்ற அமெரிக்க மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் கவுன்டி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே வாழ்பவர்களின் மருத்துவப் பதிவுகள் பல பத்தாண்டுகளாக ஒன்றாகத் தொகுக்கப்பட்டு வருவதால் இப்படிப்பட்ட ஆய்வுக்குத் தோதான இடம். 1970 முதல் 2009 வரை, 40 முதல் 60 வயதுக்குள் முதன்முறையாக மெலனோமா வந்தவர்களை அவர்கள் கணக்கெடுத்தார்கள். பாதிப்பு விகிதம் எட்டு மடங்கு கூடியிருந்தது. ஆண்களிடம் நாலரை மடங்கு. பெண்களிடம் 24 மடங்கு.

24 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 1970களில் அந்த வயதுப் பெண்களிடம் இந்த நோய் மிகக் குறைவாகவே பதிவாகியிருந்தது. சின்ன எண்ணிலிருந்து தொடங்கினால் மடங்குகள் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். அதற்காக ஏற்றம் பொய்யும் அல்ல. அதே இடத்தில் 18 முதல் 39 வயதுவரை உள்ளவர்களைப் பார்த்த முந்தைய ஆய்விலும் பெண்களிடம் எட்டு மடங்கு, ஆண்களிடம் நான்கு மடங்கு என ஏற்றம் தெரிந்தது.

பிழைப்பு விஷயத்தில் அதே ஆய்வு நல்ல செய்தி சொன்னது. நோய் கண்டறியப்பட்ட ஆண்டு பின்னால் போகப் போக, அந்த நோயால் இறக்கும் அபாயம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது.

ஒரு சின்னப் பகுதியின் கணக்கை வைத்து உலகத்தைப் பேசலாமா?

பேசக் கூடாதுதான். ஓம்ஸ்டெட்டில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வட ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர்கள். எளிதில் சிவந்து வெந்துபோகும் தோல் அவர்களுடையது. கருந்தோல், மாநிறத் தோல் உள்ளவர்களிடம் இப்படி ஓர் ஏற்றம் கிடையாது. ஆனால் வெள்ளைத் தோலினர் அதிகம் வாழும் நாடுகளில், அதாவது வட ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா ஆகிய இடங்களில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுக்க இதே போக்குத்தான் பதிவாகியிருக்கிறது. உலகிலேயே விகிதம் அதிகம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்.

ஏன் கூடியது? வெயில் மட்டும்தான் காரணமா?

வெயில் பெரிய காரணம். அதிலும், நாள் முழுக்க வெளியில் உழைப்பவரின் தொடர்ச்சியான வெயிலை விட, ஆண்டு முழுக்க அறைக்குள் இருந்துவிட்டு விடுமுறையில் திடீரென்று கடற்கரையில் போய்க் கிடந்து தோலை வேகவைத்துக்கொள்ளும் விட்டுவிட்டு வரும் வெயில்தான் மெலனோமாவோடு அதிகம் தொடர்புடையது. மலிவான விமானப் பயணமும், 'பழுப்பேறிய தோல்தான் அழகு' என்ற நினைப்பும் பரவிய தலைமுறைகள்தான் பிறகு நடுத்தர வயதுக்கு வந்தன. சிறு வயதில் தோலில் பட்டது முப்பது, நாற்பது ஆண்டு கழித்துக் கணக்குக் கேட்கும்.

இரண்டாவது, டேனிங் படுக்கைகள். புற ஊதா விளக்குகளுக்குக் கீழே படுத்துத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளும் கருவி. 2009இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. 35 வயதுக்கு முன்பே இதைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா வரும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இளம்பெண்கள் இதன் முக்கிய வாடிக்கையாளர்கள். பெண்களிடம் ஏற்றம் செங்குத்தாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று மேயோ ஆய்வாளர்களும் கருதினார்கள். பிரேசில் 2009இலேயே அழகுக்கான டேனிங்கைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவும் பிற்பாடு வணிக டேனிங் நிலையங்களை மூடியது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது: தேடுவது கூடியிருக்கிறது. அது அடுத்த கேள்வி.

தேடியதால்தான் கூடியது என்று சிலர் சொல்கிறார்களே?

அதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் 1986 முதல் 2001 வரை தோல் பயாப்சிகளின் (சிறு துண்டை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது) விகிதம் இரண்டரை மடங்கு கூடியது. அதே காலத்தில் மெலனோமா பாதிப்பு 2.4 மடங்கு கூடியது. ஆனால் மெலனோமா இறப்பு அதற்கேற்ப ஏறவில்லை. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் கில்பர்ட் வெல்ச்சும் அவருடைய சகாக்களும் 2021இல் எழுதிய கட்டுரையில் இதையே நீட்டிச் சொன்னார்கள்: நாற்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததை விட மெலனோமா கண்டறிதல் ஆறு மடங்கு, இறப்போ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது.

உண்மையிலேயே ஆறு மடங்கு ஆபத்தான நோய் பரவியிருந்தால் இறப்பும் கூடியிருக்க வேண்டுமே? அது நடக்காததற்கு ஒரு விளக்கம், கண்டுபிடிக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி எப்போதுமே உயிருக்கு ஆபத்தாகியிருக்காத, சோம்பேறித்தனமான மாற்றங்கள் என்பது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அவர் அதைப் பற்றித் தெரியாமலே முதுமையில் வேறு காரணத்தால் இறந்திருப்பார். இதைத்தான் மிகைக் கண்டறிதல் என்கிறார்கள்.

சில தோல் மருத்துவர்கள் இதை மறுக்கிறார்கள்: சீக்கிரம் வெட்டி எடுத்ததால்தான் இறப்பு கூடாமல் நின்றது, இல்லாவிட்டால் கூடியிருக்கும் என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கிறது. ஆனால் மிகைக் கண்டறிதலின் பங்கு சின்னது அல்ல. சிக்கல் என்னவென்றால், நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரால், 'இது தூங்கும், இது கொல்லும்' என்று ஒவ்வொரு திசுத் துண்டையும் பிரித்துச் சொல்ல இன்றைக்கு முடியாது. அதனால் தனி ஒருவரிடம் 'உங்களுக்கு வந்தது சும்மா வந்தது' என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம் என்றால் என்ன? 94 விழுக்காடு என்கிறார்களே, நம்பலாமா?

நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், அதே வயதுப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் எப்படி என்பதே அந்த எண். அமெரிக்காவில் மெலனோமாவுக்கு இது 1970களின் நடுவில் சுமார் 82 விழுக்காடு. இப்போது சுமார் 94. நம்பலாம். ஆனால் இந்த எண் ஏறுவதற்கு மூன்று வழி உண்டு, அதில் ஒன்றுதான் உண்மையில் உயிரைக் காப்பது.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரைக் கொல்லப்போகும் கட்டி அவரை 60 வயதில் கொல்லும் என்று வையுங்கள். 57 வயதில் கண்டுபிடித்தால் மூன்றாண்டு வாழ்ந்தார், புள்ளிவிவரத்தில் தோல்வி. அதையே 53 வயதில் கண்டுபிடித்து, சிகிச்சையால் எந்தப் பயனும் இல்லாமல் அதே 60இல் இறந்தால், ஏழாண்டு வாழ்ந்தார், புள்ளிவிவரத்தில் வெற்றி. அவருக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த ஆண்டுகள்தான் கூடின.

இரண்டாவது வழி, முன் சொன்ன மிகைக் கண்டறிதல். 100 நோயாளிகளில் 20 பேர் இறந்தால் பிழைப்பு 80 விழுக்காடு. ஒருபோதும் கொல்லாத இன்னொரு 100 பேரைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், 200இல் 20 பேர். பிழைப்பு 90 விழுக்காடு. இறந்தவர்கள் அதே 20 பேர்தான்.

அதனால்தான் இறப்பு விகிதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு லட்சம் மக்களில் ஆண்டுக்கு எத்தனை பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்ற எண்ணை மேற்சொன்ன இரண்டு வழிகளாலும் ஏமாற்ற முடியாது.

சரி, இறப்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது. அதுவும் எப்போது குறைந்தது என்பதுதான் சுவாரசியம். அமெரிக்காவில் மெலனோமா இறப்பு விகிதம் பல பத்தாண்டுகள் ஏறி, பிறகு பெரிய அசைவு இல்லாமல் இருந்தது. பரிசோதனைகள் பெருகிய காலத்தில் அது இறங்கவில்லை. 2013இலிருந்து 2016க்குள், வெறும் மூன்றாண்டுகளில், வெள்ளையின அமெரிக்கர்களிடம் சுமார் 18 விழுக்காடு சரிந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி ஒரு சரிவு புற்றுநோய்களில் அபூர்வம்.

சரிவுக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? புதிய மருந்துகள் வந்தன. 2011 மார்ச்சில் இப்பிலிமுமாப், அதே ஆண்டு ஆகஸ்டில் வெமுராஃபெனிப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். தேதிகள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், இந்தச் சரிவின் பெரும்பங்கு மருந்துகளுக்கே என்று கருதப்படுகிறது. எனக்கும் அதில் சந்தேகமில்லை.

அந்த மருந்துகள் அப்படி என்ன செய்கின்றன?

நம் நோயெதிர்ப்புச் செல்களில் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் பிரேக் போன்ற புரதங்கள் உண்டு. உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாமல் இருக்க அவை வேண்டும். புற்றுநோய் அந்த பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. இப்பிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை அந்தப் பிடியை விடுவிக்கின்றன. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வெமுராஃபெனிப் வேறு வழி. மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும். இது 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மாற்றத்தால் ஓயாமல் வேலை செய்யும் புரதத்தை இந்த மாத்திரைகள் அடக்குகின்றன. கட்டி வேகமாகச் சுருங்கும். ஆனால் பலருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். இப்போது மெக் என்ற இன்னொரு புரதத்தை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

விளைவைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். 2011க்கு முன், உடலுக்குள் பரவிவிட்ட மெலனோமா நோயாளிகளில் பாதிப் பேர் ஓராண்டுகூடத் தாண்டவில்லை. 2024இல் வெளியான பத்தாண்டுத் தொடர் கவனிப்பின்படி, நிவோலுமாபும் இப்பிலிமுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், தொண்ணூறு வயதில், கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவிய மெலனோமா இருப்பது தெரியவந்தது. அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் என்று சிகிச்சை பெற்று, நூறு வயதைத் தாண்டி 2024 டிசம்பரில்தான் இறந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இன்னும் போதவில்லை. பக்க விளைவுகளும் லேசானவை அல்ல. பிரேக் விடுபட்டால் குடல், தைராய்டு, நுரையீரல், கல்லீரல் என எதையும் நம் நோயெதிர்ப்புச் செல்களே தாக்கலாம்.

நாற்பது ஐம்பது வயதில் வந்தால் பிழைப்பது எதைப் பொறுத்தது?

முதலில் தடிமன். மச்சத்தை வெட்டி அனுப்பினால் வரும் பயாப்சி அறிக்கையில் 'ப்ரெஸ்லோ தடிமன்' என்று ஒரு வரி இருக்கும். தோலின் மேலடுக்கிலிருந்து கட்டியின் மிக ஆழமான செல் வரை எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவு. அலெக்சாண்டர் ப்ரெஸ்லோ 1970இல் சொன்ன இந்த எளிய அளவை அரை நூற்றாண்டு கழித்தும் எந்த நவீனச் சோதனையும் தூக்கியெறியவில்லை. 0.8 மி.மீ.க்குக் குறைவு, மேல்தோலில் புண் இல்லை என்றால், பத்தாண்டு கழித்தும் மெலனோமாவால் இறக்காமல் இருப்பவர்கள் சுமார் 98 விழுக்காடு. நான்கு மில்லிமீட்டரைத் தாண்டி, மேலே புண்ணும் இருந்தால், நிணநீர் முடிச்சுகளுக்கு (நெறி) பரவாத நிலையிலும் அது சுமார் 75க்கு இறங்கிவிடும். அரிசி மணி நீளம்கூட இல்லாத வித்தியாசம்தான் இது.

பரவல் அடிப்படையில் சொன்னால், தோலோடு நின்றிருக்கும்போது ஐந்தாண்டுப் பிழைப்பு ஏறக்குறைய நூறை நெருங்கும். பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தால் சுமார் 75. தூர உறுப்புகளுக்குப் போயிருந்தால் சுமார் 35. இவை அமெரிக்கப் பதிவேட்டு எண்கள். பல ஆண்டு நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தவை என்பதால், இன்றைக்குச் சிகிச்சை தொடங்குபவரின் வாய்ப்பு இதைவிடச் சற்று மேலாக இருக்கக்கூடும்.

அறிக்கை கையில் கிடைத்ததும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: தடிமன் எவ்வளவு, புண் உண்டா, வெட்டிய துண்டின் ஓரங்கள் நோயில்லாமல் சுத்தமா. முதல் வெட்டு நோயை உறுதிசெய்யத்தான். பிறகு அகலமாக இன்னொரு முறை வெட்டுவார்கள். ஒரு மில்லிமீட்டர் வரையான கட்டிக்குச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் இரண்டு சென்டிமீட்டர். 'மறுபடியும் ஏன் வெட்டுகிறார்கள், முதலில் சரியாக எடுக்கவில்லையா' என்று பயப்படுபவர்கள் நிறைய. வழக்கமான நடைமுறைதான் அது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஐம்பது வயதுக்கு முன் பெண்களிடம் அதிகம்; அதற்குப் பிறகு ஆண்களிடம் அதிகம், வயது கூடக் கூட இடைவெளியும் கூடும். பெண்களுக்குக் கால்களில், ஆண்களுக்கு முதுகில் வருவது வழக்கம். முதுகு கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதும், ஆண்கள் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் சேர்ந்து, ஆண்களிடம் தடிமன் கூடிய பிறகே பிடிபடுகிறது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஒரே தடிமனை ஒப்பிட்டாலும் பெண்கள் மேலாகப் பிழைக்கிறார்கள்.

கறுப்பு, மாநிறத் தோல் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டுமா?

வெயிலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கருந்தோலில் உள்ள மெலனின் நல்ல பாதுகாப்பு. அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் மெலனோமா விகிதம் வெள்ளையரை விட இருபது மடங்குக்கு மேல் குறைவு. ஆனால் வந்துவிட்டால் ஐந்தாண்டுப் பிழைப்பு 94க்குப் பதில் சுமார் 70தான். காரணம் பெரும்பாலும் தாமதம்.

இவர்களுக்கு வரும் வகையும் வேறு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் அக்ரல் மெலனோமாதான் அதிகம். வெயிலுக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை. சன்ஸ்கிரீன் பூசி இதைத் தடுக்க முடியாது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது இந்த வகையால்தான். கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கியது.

பார்க்க வேண்டியது என்னவென்றால், ஒரே ஒரு நகத்தில் நீளவாக்கில் ஓடும் கரும்பட்டை. அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் படர்ந்தாலோ காட்டிவிட வேண்டும். அடிபட்டு ரத்தம் கட்டியது என்றால் நகம் வளர வளர அந்தக் கறையும் முன்னால் நகர்ந்து, கால் நகமாக இருந்தால் ஓராண்டு ஒன்றரை ஆண்டில் வெளியேறிவிடும். நகராமல் அடியிலேயே நிற்கிறதென்றால் சந்தேகம்தான். உள்ளங்காலில் வரும்போது ஆணி, பூஞ்சைத் தொற்று, ஆறாத கொப்புளம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருப்பதுதான் வழக்கமான கதை.

நாற்பதுக்கு மேல் உடம்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

புதிதாக வந்த மச்சம். இருக்கிற மச்சங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மெலனோமாக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பழைய மச்சத்திலிருந்து கிளம்புகின்றன. மீதி வெறும் தோலில் புதிதாக முளைப்பவை. நடுத்தர வயதுக்குப் பிறகு புதிய மச்சங்கள் பொதுவாக வருவதில்லை என்பதால், இந்த வயதில் புதியது என்றாலே ஒரு கவனம் வேண்டும்.

மற்றபடி தெரிந்த அறிகுறிகள்தான்: ஒரு பாதி இன்னொரு பாதி மாதிரி இல்லாமை, கிழிந்தது போன்ற ஓரம், ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அளவு, வாரங்கள் மாதங்களில் தெரியும் மாற்றம். இதில் கடைசியைத்தான் நான் முதலில் வைப்பேன். உடம்பில் உள்ள மற்ற மச்சங்களோடு சேராமல் தனியாகத் துருத்தித் தெரிவதும் நல்ல அடையாளம்.

இந்தப் பட்டியலில் சிக்காத ஒன்று உண்டு. நோடுலர் மெலனோமா என்ற வகை அழகான உருண்டையாக, ஒரே நிறமாக, சில சமயம் கருமையே இல்லாமல் இளஞ்சிவப்பாக வரும். கெட்டியாக இருக்கும், மேலே எழும்பும், வாரக்கணக்கில் வளரும். எண்ணிக்கையில் குறைவு, இறப்பில் அதன் பங்கு அதற்குப் பொருந்தாத அளவு அதிகம். ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும் கெட்டிக் கட்டி எதுவானாலும் காட்டிவிடுங்கள்.

அப்படியென்றால் எல்லோரும் ஆண்டுதோறும் முழு உடல் தோல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

எல்லோரும் வேண்டாம் என்பது என் கருத்து. ஜெர்மனி இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு. ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 2003-04இல் சுமார் 3.6 லட்சம் பேரைப் பரிசோதித்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே மெலனோமா இறப்பு பாதியாகக் குறைந்ததாகச் செய்தி வர, உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குள் 2008இல் நாடு முழுக்க, 35 வயது தாண்டியவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை என்று திட்டம் வந்துவிட்டது. ஆனால் நாடு தழுவிய இறப்பில் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை; ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைனிலும் விகிதம் பழைய இடத்துக்கே திரும்பியது. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவும், அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இது பயன் தருமா என்று முடிவுசெய்யச் சான்று போதவில்லை என்று 2023இல் சொல்லிவிட்டது.

அபாயம் அதிகம் உள்ளவர்கள் கதை வேறு. உடம்பில் நூறுக்கு மேல் மச்சம் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒரு மெலனோமா வந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்தவர்கள், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்து நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள். இவர்கள் டெர்மாஸ்கோப் எனும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்க்கத் தெரிந்த தோல் மருத்துவரிடம் ஒழுங்காகப் போவது நல்லது. கண்ணால் மட்டும் பார்ப்பதை விட அந்தக் கைக்கருவி தேவையில்லாத வெட்டுகளையும் குறைக்கும்.

நாற்பத்தைந்து வயதில் சன்ஸ்கிரீன் தொடங்கி என்ன பிரயோசனம்?

வெளிர் தோல் என்றால் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை, பெரியவர்கள் 1,621 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் பூச வேண்டும், இன்னொன்று இஷ்டப்படி. சோதனை முடிந்து பத்தாண்டு கழித்து எண்ணியபோது, தினமும் பூசிய குழுவில் 11 மெலனோமா, மற்றதில் 22. எண்கள் சிறியவைதான்; ஆனால் சன்ஸ்கிரீனையும் மெலனோமாவையும் குலுக்கல் முறையில் சோதித்ததில் நம்மிடம் இருக்கும் சிறந்த சான்று இதுவே. ஸ்குவாமஸ் செல் வகையும் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. பங்கேற்றவர்கள் பெரியவர்கள் என்பதைக் கவனியுங்கள். 'சின்ன வயதிலேயே பட வேண்டியது பட்டுவிட்டது, இனி எதற்கு' என்ற பேச்சுக்கு இது பதில்.

நடைமுறையில் மக்கள் பூச வேண்டிய அளவில் பாதிகூடப் பூசுவதில்லை. தொப்பி, முழுக்கைச் சட்டை, நண்பகல் வெயிலைத் தவிர்ப்பது என்பவற்றுக்கு அப்படிப்பட்ட சிக்கல் கிடையாது.

ரத்த அழுத்த மாத்திரையால் தோல் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மாத்திரையைப் பற்றிய பேச்சு அது. நீண்ட காலம் சாப்பிட்டவர்களிடம் ஸ்குவாமஸ் செல் வகை கூடுவதாக டென்மார்க் ஆய்வுகள் காட்டின. 2020இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கைக் குறிப்பிலும் சேர்த்தது. வெள்ளைத் தோல், நீண்ட காலப் பயன்பாடு இரண்டும் சேர்ந்தால்தான் பேசும்படியான அபாயம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதம் இதைவிடப் பக்கத்தில் நிற்கும் ஆபத்து. மருத்துவரிடம் கேட்டால் மாற்று உண்டு.

அடுத்த தலைமுறைக்கும் இப்படியே கூடுமா?

கூடாது என்பதற்கான அடையாளங்கள் தெரிகின்றன. ஆஸ்திரேலியா 1981இலேயே, சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை என்று ஒரு கார்ட்டூன் கடற்பறவையைப் பாட வைத்துப் பிரசாரம் தொடங்கியது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் விகிதம் இறங்குகிறது. அமெரிக்காவிலும் 2006-2015க்குள் பதின்ம வயதினரிடமும் இருபதுகளில் உள்ளவர்களிடமும் குறைந்தது. நாற்பதுக்கு மேல்தான் தொடர்ந்து ஏறியது. ஆக, இன்று நடுத்தர வயதில் இருப்பவர்களும் அவர்களுக்கு மூத்தவர்களும்தான் உச்சத்தைச் சுமக்கும் தலைமுறை. மக்கள்தொகையும் முதுமையும் கூடுவதால், விகிதம் மாறாமலே இருந்தாலும் 2040இல் உலகில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் புதிய நோயாளிகள் இருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள்.

ஒரு முறை வந்து சரியாகிவிட்டது. அப்புறம்?

இரண்டாவதாக ஒரு மெலனோமா வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், அது வாழ்நாள் முழுக்க நீடிக்கும். வடுவைச் சுற்றியும், அதற்கு அருகில் உள்ள நெறி கட்டும் இடங்களிலும், அதாவது கால் என்றால் தொடை இடுக்கு, கை என்றால் அக்குள், தலை என்றால் கழுத்து, விரலால் தடவிப் பார்க்க மருத்துவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். கட்டி தடித்ததாக இருந்தால், அறுவைக்குப் பிறகும், சிலருக்கு அறுவைக்கு முன்பும், இம்யூனோதெரபி, அதாவது மேலே சொன்ன பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள், கொடுப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. உங்கள் நிலைக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம்.

சந்தேகமான மச்சத்தை லேசரில் எடுத்துவிட்டால் என்ன?

கூடாது. லேசரில் எரித்துவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. தடிமன் என்ற அந்த ஒற்றை எண்ணும் அதோடு போய்விடும். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடியில் மிச்சம் வளரலாம். அழகுக்காக எடுப்பதானாலும், மருத்துவர் ஒரு முறை பார்த்து 'இது வெறும் மச்சம்' என்று சொன்ன பிறகு எடுங்கள். வெட்டி எடுத்தால் அந்தத் துண்டைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லி, அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.